தோன்றா எழுவாய்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் வீதியிலே, கொஸ்லந்தைக்கு அண்மையில் எமது பாடசாலை அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் 31ஆந் திகதி, உலகப் புகையிலை எதிர்ப்புத் தினத்தை முன்னிட்டு மாணவரிடையே கட்டுரைப் போட்டியொன்று வைப்பது இங்கே வழக்கம். தலைப்பு மாறுவதில்லை, ‘புகைத்தலின் தீமைகள்’ என்பதே என்றும் தலைப்பு. தமிழாசிரியர் என்ற முறையில் தாள்களைத் திருத்தும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. 2025ஆம் ஆண்டுப் போட்டிக்கு 43 தாள்கள் வந்தன. அவற்றை ஆசிரியர் விடுதித் திண்ணையில் அமர்ந்து, விரலிடுக்கிலே ஒரு சிகரட் புகைய, நாம் திருத்தினோம்.

வாசகர் முகஞ் சுளிக்கலாம். அதற்குரிய காரணம் இன்னும் முழுமையாக வரவில்லை. அந்தச் சிகரட்டைக் கடையிலிருந்து வாங்கி வந்தவன், கட்டுரை எழுதிய பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி ஒவ்வொரு மே மாதமும் காலைக் கூட்டத்திலே பேசுகிறவர்களும் நாமே.

தாள்கள் ஒன்றைப்போலொன்று இருந்தன. புகைப்பவன் தன் உடலைக் கெடுக்கிறான்; புகைப்பவன் தன் மனைவி மக்களைப் பட்டினி போடுகிறான்; புகைப்பவன் சமூகத்துக்குச் சுமையாகிறான். நாம் கற்பித்ததை நமக்கே திருப்பித் தந்திருந்தார்கள். ஒரு தாள் மட்டும் அரைப் பக்கத்தோடு நின்றிருந்தது. கடைக்குப் போய் வந்தவன் எழுதிய தாள் அது:

“எங்கள் அப்பா சிகரட் குடிப்பார். பெட்டியில் பயங்கரமான படம் இருக்கிறதாம். அப்பா அதைப் பார்த்ததில்லை. அவர் பெட்டி வாங்குவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் வாங்குவார். மலை சரியும் என்று மீரியபெத்தவிலும் முன்னாலேயே சொல்லியிருந்தார்களாம். எங்கே போவது என்று சொல்லவில்லையாம். தெரிந்தவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்?”

தலைப்பை விட்டு விலகிவிட்டது என்று சிவப்பு மையால் எழுதி, 20க்கு 7 இட்டோம்.

மீரியபெத்தவைப் பற்றி வெளியூர் வாசகருக்குச் சிறிது சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், பல நாள் மழைக்குப் பின், அத்தோட்டத்துக்கு மேலே நின்ற மலை பெயர்ந்து லயன்களின் மேல் இறங்கியது. பிள்ளைகளிற் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டபடியால் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமும் தெரியவில்லை, வீட்டிலிருந்தவர்களும் இல்லை. புதையுண்டோரிற் பலருடைய உடல்கள் கடைசிவரை எடுக்கப்படவேயில்லை. அந்த மண்ணே அவர்களுக்குச் சமாதியாயிற்று. எஞ்சியோர் நெடுநாள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்கியிருந்தனர். 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றிலேதான் எமது மாணவனும் அவன் தந்தையும் வசிக்கிறார்கள். தாயை மலை கொண்டபோது அவனுக்கு வயது நான்கு.

மலை விழுந்த சில நாட்களிலேயே ஒரு செய்தி பரவியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது, மக்கள் வெளியேறவில்லை. செய்தி பொய்யன்று. ஆனால் எங்கே வெளியேறுவது? லயன் தோட்டத்துக்குச் சொந்தம். லயனுக்கு முன்னாலுள்ள காய்கறிப் பாத்தியும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டங்களை 1992 முதல் கம்பனிகள் நடத்தி வருகின்றன. இரு நூற்றாண்டுகளாக இம்மலையைப் பண்படுத்திய கூட்டத்துக்கு, எடுத்து வைத்துக் குந்துவதற்கு ஒரு பேர்ச் காணியும் உறுதியோடு கிடையாது. போக இடமில்லாதவனிடம் போ என்று சொல்லிவிட்டு, சொன்னோமே என்று பிற்பாடு கணக்குக் காட்டுவதை என்ன பெயரிட்டு அழைப்பது?

இந்தக் கேள்வி அன்று எமக்குத் தோன்றவில்லை. இரண்டு வாரங் கழித்துப் பத்தாம் வகுப்பில் இலக்கணப் பாடம் நடந்தபோதுதான் தோன்றியது. செயப்பாட்டு வினைக்கு உதாரணம் வேண்டியிருந்தது. பத்திரிகைப் பாங்கிலே ஒரு வாக்கியம் அமைத்துக் கரும்பலகையில் எழுதினோம்: ‘அப்பகுதி மக்கள் வெளியேறுமாறு ஏற்கெனவே அறிவுறுத்தப்பட்டிருந்தனர்.’ எழுதி முடித்துத் திரும்பினால், வகுப்பு ஓசையற்று இருந்தது. எந்தப் பிள்ளையின் முன்னே எந்த வாக்கியத்தை எழுதிவிட்டோம் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. அவன் எதுவும் பேசவில்லை. குறிப்புப் புத்தகத்தில் அதைப் பிழையின்றி எழுதிக்கொண்டிருந்தான்.

பாடத்தை நிறுத்த மனமில்லாமல், அவ்வாக்கியத்தில் அறிவுறுத்தியவர் யார் என்று வகுப்பைக் கேட்டோம். தெரியாது என்றார்கள். தோன்றா எழுவாய் என்று ஒருத்தி முயன்றாள். அதுவும் பொருந்தாது. ‘வந்தேன்’ என்னும்போது ‘நான்’ என்னும் எழுவாய் மறைந்திருந்தாலும், விகுதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே விகுதியும் வாய் திறவாது. பின்னர் சிகரட் பெட்டிகளில் வருவது போன்ற வாக்கியம் ஒன்றை எழுதினோம்: ‘புகைத்தல் புற்றுநோயை உண்டாக்கும்.’ எழுவாய் யாது? புகைத்தல். அது என்ன சொல்? தொழிற்பெயர். தொழிற்பெயருக்கு இடமுமில்லை, காலமுமில்லை, செய்கிறவனும் இல்லை. பயிரிடச் செய்தவன், சுருட்டியவன், பெட்டியிலிட்டவன், விலை குறித்தவன், இலாபத்தைக் கப்பலேற்றியவன் ஆகிய எல்லோரும் அந்த ஒரு தொழிற்பெயரின் பின்னே மறைந்துகொள்கிறார்கள். மிஞ்சுபவன் புகைக்கிறவன் ஒருவனே. மண்சரிவு என்பதும் அத்தகைய சொல்லே. மண் தானாகச் சரிந்தது. வேறெவரும் எதுவும் செய்யவில்லை.

எமது 42 நல்ல கட்டுரைகளின் குறையும் இதுவே. அவற்றில் ஒரு வாக்கியத்திலாவது கம்பனி எழுவாயாக வரவில்லை.

அன்று மாலை கடைக்குச் சென்றோம், பையனை அனுப்பாமல். முதலாளி எமக்குப் பழக்கமானவர். பெட்டி உடைக்கப்பட்டதும் சிகரட்டுகளை ஒரு தகர டப்பாவுக்குள் மாற்றிவிடுகிறார். இல்லாவிட்டால் இந்த மலைக் காற்றின் ஈரத்தில் நமுத்துப் போகுமாம். வெற்றுப் பெட்டி மேசைக்கடியிலே விழுகிறது. பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் அச்சிடப்பட்ட புண்பட்ட வாயும் அதனோடு விழுகிறது. ‘யாரும் முழுப் பெட்டி வாங்குவதில்லையா?’ என்று கேட்டோம். சிரித்தார்.

“தொரைமாரு வாங்குவாங்க சேர். நம்ம ஆளுக எங்க? அந்தப் படத்த தெனமும் பாக்குறது நான் ஒருத்தன்தான். எனக்குச் சிகரட் மணமே ஆகாது.”

நிற்க. அந்தப் படம் மேசைக்கடியில் வந்து விழுவதற்கு முன் எத்தனை போராட்டங்களைக் கடந்து வந்தது என்பதை அறிந்தபோது, எமது சிரிப்பு அடங்கிவிட்டது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகச் சமவாயத்தை இலங்கை 2003இல் ஏற்றது. 2006இல் சட்டம் வந்தது, விளம்பரம் தடைப்பட்டது, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை அமைந்தது. அதன் முதற் தலைவர் பேராசிரியர் கார்லோ பொன்சேகா. சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த இம்மருத்துவர், மனித உடலையும் மனித சமூகத்தையும் ஒரே கண்ணால் பார்த்தவர், 2019இல் மறைந்தார். 1987 முதல் இயங்கிவரும் மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையம் போன்ற அமைப்புகளும், வைத்தியர்களும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பல ஆண்டு முயன்றதன் பேறாக, பெட்டியின் 80 சதவீதத்தைப் பட எச்சரிக்கைக்கு ஒதுக்கும் ஒழுங்குவிதி 2012இல் வெளியாயிற்று. சிலோன் டொபாக்கோ கம்பனி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. வழக்கு முடிந்தபோது 80 என்பது 60க்குள் சுருங்கியிருந்தது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி மீண்டும் 80 ஆக்கியது. ஓர் அட்டைப் பெட்டியின் மேற்பரப்பில் ஐந்திலொரு பங்குக்காக நீதிமன்றப் படியேறிய கம்பனி, பெட்டி உடைக்கப்பட்டு ஒவ்வொன்றாக விற்கப்படும் தோட்டக் கடையிலே வழக்கின்றியே வென்றுகொண்டிருக்கிறது. ஏழ்மையே அதற்கு வழக்கறிஞர்.

இந்தக் கம்பனி யார்? பெயரில் சிலோன் இருக்கிறது. பங்குகளில் 84 சதவீதத்துக்கு மேல் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கையில் இருக்கிறது. பிரித்தானியப் புகையிலை முதலாளிகளும் அமெரிக்கப் புகையிலை முதலாளிகளும் தமக்குள் போட்டியை நிறுத்தி, உலகச் சந்தையைப் பங்கிட்டுக்கொள்ளும் பொருட்டு 1902இல் பெற்ற பிள்ளை அது. எமது பாட்டன்மாரைக் கப்பலில் ஏற்றிக் காட்டு வழியே நடத்திக் கொண்டுவந்து தேயிலை நட வைத்த அதே மூலதனக் குடும்பத்தின் இன்னொரு கிளை என்று கொண்டாலும் தவறில்லை. கொழுந்து இங்கிருந்து இலண்டனுக்குப் போனது. சிகரட்டின் இலாபமும் அங்கேயே போகிறது.

அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதுதான் எம்மை உறங்கவிடாத செய்தி. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சட் டொல், பிரட்போர்ட் ஹில் ஆகிய இருவரும் 1950இலேயே பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் அமெரிக்கக் கிளையாக அப்போதிருந்த பிரவுண் அன்ட் வில்லியம்சனின் சட்ட ஆலோசகர், நாம் விற்பது அடிமைப்படுத்தும் நிக்கொட்டினையே என்ற கருத்துப்பட 1963இல் உள்ளரங்கக் குறிப்பொன்றிலே எழுதினார். அதன் பின் 31 ஆண்டுகள் கழிந்து, 1994 ஏப்பிரல் 14ஆந் திகதி, அதே நிறுவனத்தின் தலைவர் உட்பட ஏழு கம்பனித் தலைவர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னே வரிசையாக அமர்ந்து, நிக்கொட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாம் கருதவில்லை என்று ஒருவர்பின் ஒருவராகச் சத்தியஞ் செய்தார்கள். அந்த நிழற்படத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஏழு வலக்கைகள் உயர்ந்து நிற்கின்றன. எமது பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது கை உயர்த்துகிறவர்களின் நினைவு வந்தது. அக்கைகளுக்குப் பொய் சொல்ல இவ்வளவு கூலி எவரும் கொடுத்ததில்லை.

ஆனால் அந்நாடுகளில் எழுவாய் கண்டுபிடிக்கப்பட்டது. கம்பனிகளின் இரகசியக் கடிதங்கள் வெளிவந்தன. 1998இல் 46 அமெரிக்க மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டொலர் அளிக்கக் கம்பனிகள் உடன்பட்டன. 2006இல் நீதிபதி கிளடிஸ் கெஸ்லர், அமெரிக்கப் பெருங்கம்பனிகள் பல தசாப்தங்களாகப் பொதுமக்களை ஏமாற்றின என்று தீர்ப்பெழுதினார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் புகைத்து நோயுற்றோர் தொடுத்த வழக்கில் 2015இல் தீர்ப்புக் கிடைத்தது; புகைத்தால் கேடு வரும் என்று மக்களுக்குத் தெரியும், தெரிந்தே புகைத்தார்கள் என்பது அங்கே கம்பனிகள் எடுத்த வாதம். மீரியபெத்த மக்களுக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தே இருந்தார்கள்! நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கடைசியில் 2025 மார்ச் மாதத்தில், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கனேடியக் கிளையான இம்பீரியல் டொபாக்கோ உள்ளிட்ட மூன்று கம்பனிகள் 3,250 கோடி கனேடிய டொலர் கொடுக்கும் திட்டத்தை அந்நாட்டு நீதிமன்றம் அங்கீகரித்தது.

இலண்டனில் ஒரே தாய் வீடு. மொன்றியலில் நோயுற்றவனுக்கு ஒரு கணக்கு, கொஸ்லந்தையில் இருமுகிறவனுக்கு ஒரு கணக்கு. நாம் வழக்காட வல்லவர்கள் அல்லர். ஆயினும் நமது நாடு கையொப்பமிட்ட சமவாயத்தில் 19ஆம் உறுப்புரை என்று ஒன்று உண்டு. புகையிலைத் தொழிலின் சட்டப் பொறுப்பையும் நட்டஈட்டையும் பற்றி அது பேசுகிறது. 5ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு, சுகாதாரக் கொள்கை வகுக்கும் இடத்தில் அத்தொழிலின் கை நுழையாமல் காக்கச் சொல்கிறது. பொதுச் சுகாதார இயக்கத்தவர் கேட்பதும் புதிதொன்றன்று. இந்த இரண்டும் ஏட்டிலிருந்து இறங்கி வர வேண்டும் என்பதே.

எமது கணித ஆசிரியரோடு இதுபற்றி வாக்குவாதம் நேர்ந்தது. தொழிற்சங்கக் குடும்பத்திலே பிறந்தவர், எம்மினும் மூத்தவர். “தம்பி, சம்பளத்துக்கே நாக்குத் தள்ளுது. வீட்டுக்குக் காணி இல்லை. இந்த நேரத்தில் சிகரட் ஒரு பிரச்சினையா? அது கொழும்புக்காரர் பேச்சு,” என்றார். அவர் கூற்றில் நியாயமுண்டு. தோட்டத்துத் தொழிலாளிக்கு உபதேசம் செய்யப் புறப்பட்ட கனவான்களின் வரிசை நீளமானது. குடியாதே, கடன் வாங்காதே, பிள்ளை பெறாதே என்று சொன்னவர்களில் எவரும் கூலியை உயர்த்து என்று சொன்னதில்லை. ஆனால் பதிலை அவருடைய பாடத்திலிருந்தே எடுத்தோம். நாளொன்றுக்கு மூன்று சிகரட் புகைக்கும் தொழிலாளியின் செலவை அவர் கையாலேயே கணக்கிடச் செய்தோம். அது ஒரு நாட் சம்பளத்தில் நான்கிலொரு பங்குக்குக் குறையவில்லை. ஊர்வலம் போய், வேலைநிறுத்தம் செய்து, பேச்சு மேசையில் மாதக்கணக்காக மன்றாடிப் பெறும் உயர்வை, இன்னொரு கம்பனி தகர டப்பாவிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. அவர் நெடுநேரம் அக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பீடிக்குப் போவான்,” என்றார். போகிறார்கள்தான். வரி ஏறும்போதெல்லாம் கம்பனியும் இதைத்தான் சொல்கிறது என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

எல்லாப் பழியையும் ஒரே வாசலிற் கொண்டுபோய்க் கொட்டவும் எமக்கு விருப்பமில்லை. எமது பாட்டி சிகரட்டைத் தொட்டதில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவள். அட்டைக் கடிக்கும் குளிருக்கும் பசிக்கும் ஒரே மருந்தாக வெற்றிலையும் பாக்கும் யாழ்ப்பாணப் புகையிலையும் அவள் மடியில் இருந்தன. மலையில் இடைவேளை குறைவு. வாயில் அடக்கிய புகையிலைக்கு இடைவேளை தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்திலே வெண்திட்டு வந்ததை இரண்டாண்டு எவரும் பார்க்கவில்லை. பதுளை வைத்தியசாலையிலிருந்து மகரகமவுக்கு அனுப்பினார்கள். நாம் பேராதனையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது இறந்தாள். நாம் புகைக்கப் பழகியதும் அதே ஆண்டில். சங்க இலக்கிய விரிவுரை முடிந்து வந்து, முற்போக்கு இலக்கியம் பேசி, மரத்தடியில் நின்று ஒரு சிகரட்டை நால்வர் பகிர்ந்தோம். ஏகாதிபத்தியத்தை ஏசிய வாயிலேயே ஏகாதிபத்தியத்தின் சரக்கும் புகைந்தது. அது அன்று எவர்க்கும் முரணாகப் படவில்லை.

பாட்டியின் மரணத்துக்கு இலண்டன் கம்பனி பொறுப்பன்று. அந்தப் புகையிலையை விற்றவர்கள் நம்மவர்களே. முகவரியில்லாத சிறு வியாபாரிகள். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு வெற்றிலைக் கூறே பெருங்காரணம். புகையிலையில்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் அறிவித்தது. மெல்லும் புகையிலைக் கலவைகளை இலங்கை அரசு 2016 செப்டெம்பரில் தடை செய்தது. ஆயினும் தோட்டத்துச் சந்தியில் வெற்றிலைத் தட்டு இன்றுமிருக்கிறது. அதன் பின்னே அமர்ந்திருப்பவள் பெரும்பாலும் வேலை நின்றுபோன ஒரு கிழவி. அவளையும் பன்னாட்டுக் கம்பனியையும் ஒரே தராசில் வைக்க எம்மால் முடியாது. அவளுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். வேறுபாடு அங்கே இருக்கிறது.

அந்தத் தாளைத் திரும்ப எடுத்து, 7ஐ வெட்டி, வேறு புள்ளி இட்டோம். போட்டி முடிந்து பரிசும் கொடுத்தாகிவிட்டபடியால் அதனால் அவனுக்குப் பயனெதுவும் இல்லை. அவனிடம் தாளைக் கொடுத்து, தவறு எம்முடையது என்றோம். இனி உன்னைக் கடைக்கு அனுப்பமாட்டோம் என்றும் சொன்னோம். “சரி சேர்,” என்றான். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் விரும்புவதில்லை போலும், போய்விடவே அவசரப்பட்டான்.

சில நாட்களின் பின், அவனும் வேறு மூவரும் கடை முதலாளியிடம் போய் வெற்றுப் பெட்டிகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். படமுள்ள பக்கங்களை வெட்டி, தகர டப்பாவைச் சுற்றி மூடி வரை ஒட்டிவிட்டார்கள். முதலாளியும் அனுமதித்திருக்கிறார். நாள் முழுதும் தாம் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறரும் பார்க்கட்டுமே என்று எண்ணினாராம். எம்மிடம் எவரும் யோசனை கேட்கவில்லை. நாமாயிருந்தால் அதிபரின் அனுமதி, கல்வி அலுவலகத்தின் அனுமதி என்று ஆறு மாதம் ஓட்டியிருப்போம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தின் மலைகள் மறுபடியும் பல இடங்களில் சரிந்தன, பாதைகள் அறுந்தன. கடைக்குச் சரக்கு வரவில்லை. அரிசியும் மாவும் வருவதற்கு முன்னரே சிகரட் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டதென்று முதலாளி சொன்னார். அப்போது அந்தப் பையனின் தந்தையைப் பற்றியும் சொன்னார். டப்பாவில் படம் ஒட்டிய அன்று மாலை, மலையிலிருந்து இறங்கி வந்தவர் வழக்கம்போல் இரண்டு கேட்டாராம். டப்பாவைக் கையில் வாங்கி, விளக்கருகே பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாராம்.

“இது யாரு வாயி?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றோம்.

“எனக்கென்ன தெரியும் சேர்? தெரியாதுன்னேன். ரெண்டையும் வாங்கிட்டுப் போயிட்டாரு.”

அதை அவர் எம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாமும் உள்ளங்கையில் காசோடுதான் நின்றிருந்தோம்.